எட்டு சிலிண்டருக்கு உபயம்

தேங்காய் எழுந்து நின்றதால்தான் நாச்சிமுத்து ஏலத்தில் கையைத் தூக்கினார். அதை மட்டும் அவர் கடைசிவரை மாற்றிச் சொல்லவே இல்லை. திருச்செங்கோட்டுப் பக்கம் கருங்கல்மேட்டில் நான்கு போர்வெல் வண்டி வைத்துத் தொழில் செய்தவர் அவர். முப்பது வருஷமாக, எந்தக் காட்டில் குழாய் இறக்குவதானாலும், உரித்த தேங்காயைக் குடுமியோடு உள்ளங்கையில் படுக்கவைத்துக்கொண்டு உச்சி வெயிலில் நடப்பார். அடியில் நீரோட்டம் வந்ததும் தேங்காய் தூக்கம் கலைந்தவன் மாதிரி மெல்ல எழுந்து நிற்கும். அந்த இடத்தில் சுண்ணாம்பு போட்டால் ஆயிரம் அடியானாலும் தண்ணீர் வரும். ஆகவே மலையடிவாரத்தில் செத்துப்போன ஒரு மில் முதலாளியின் பங்களாச் சாமான்கள் ஏலத்துக்கு வருகின்றன, அதில் அமெரிக்காக்காரன் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் செய்த எட்டு சிலிண்டர் கார் ஒன்றும் இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனபோது, அவர் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போகவில்லை, தேங்காயை எடுத்துக்கொண்டு போனார்.

கார் கோவைப்பழச் சிவப்பில் இருந்தது. பானட்டின் மேல் இரண்டு கறுப்புப் பட்டை, காளையின் திமில் போலப் பின்பக்கம் திரண்ட உடம்பு. சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். பானட்டைத் திறக்கக் கூடாது, ஸ்டார்ட் செய்யக் கூடாது, குனிந்து அடியில் பார்க்கக் கூடாது. ஏலச் சீட்டின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், உள்ளது உள்ளபடி, எடுத்தது எடுத்ததுதான், திரும்பப் பெறப்படாது என்று அச்சடித்திருந்தது. பின்பக்கத்தை யார் படிக்கிறார்கள். நாச்சிமுத்து கயிற்றுக்கு வெளியே தேங்காயோடு ஒரு சுற்றுச் சுற்றினார், பானட்டுக்கு நேராக வந்ததும் தேங்காய் விறைத்து எழுந்து நின்றது. நின்றதோடு இல்லாமல் நடுங்கவும் செய்தது. எஞ்சினில் உயிர் இருக்கிறது என்று அவர் முடிவு கட்டினார்.

எதிர்வரிசையில் அத்தப்பன் உட்கார்ந்திருந்தார். நாச்சிமுத்துவின் அக்காவைக் கட்டியவர், நூல் மில் வைத்திருப்பவர், எந்த விசேஷத்திலும் முதல் சந்தனம் தனக்குத்தான் என்று நெற்றியை நீட்டுகிறவர். கார் வேண்டும் என்று வந்தவர் இல்லை. மாப்பிள்ளை ஆசைப்படுவது மாப்பிள்ளைக்குக் கிடைக்கக் கூடாது என்று வந்தவர். இவர் ஏற்ற அவர் ஏற்ற, அவர் ஏற்ற இவர் ஏற்ற, கூட வந்தவர்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க, இரண்டு போர்வெல் வண்டியின் விலைக்கு வந்ததும் அத்தப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "எடுத்துக்குங்க மாப்ள. உங்குளுக்குத்தான் அமைப்பு," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகாவது நாச்சிமுத்துவுக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

ட்ரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்து கொட்டகையில் இறக்கியதும், ஊர் மெக்கானிக் தாவூது பாய் பானட்டைத் திறந்தார். எஞ்சினுக்குள்ளிருந்து நாலு குடம் மழைத்தண்ணீர் கொட்டியது, கூடவே தலைப்பிரட்டைகள், கடைசியாக ஒரு தவளை. தேங்காய் பொய் சொல்லியிருக்கவில்லை. தண்ணீர் இருக்கிறது என்றுதான் அது சொன்னது, முப்பது வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பெயிண்டுக்கு அடியில் ஓட்டையை அடைத்த பட்டியும், பட்டிக்கு அடியில் துருவும், துருவுக்கு அடியில் ஒன்றுமே இல்லாமலும் இருந்தது, கட்டைவிரலை வைத்து அழுத்தினால் உள்ளே போனது. சட்டத்தில் ஒரு நம்பர், எஞ்சினில் ஒரு நம்பர். பின் அச்சு ஏதோ ஜீப்பினுடையது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரவழைத்த சாமான்கள் எட்டு மாதம் கழித்து வந்தன, வந்ததும் வலது பக்கத்துக்கு வேண்டியது இடது பக்கத்துக்கானதாக இருந்தது. நாச்சிமுத்து ஒரு போர்வெல் வண்டியை விற்றார், பிறகு இன்னொன்றையும் விற்றார்.

அவர் வீட்டில் இதைக் கேட்க ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். மனைவி சம்பூரணம். அவளுடைய கோபம் கருங்கல்மேட்டில் பேர்போனது. அவள் கேட்டைத் திறக்கிற சத்தத்தை வைத்தே பால்காரன் அன்றைக்குத் தண்ணீர் கலக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வான். நாச்சிமுத்து யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாத மனிதர், கடன் கேட்டாலும் தலையாட்டுவார், காட்டில் வழி கேட்டாலும் தலையாட்டுவார். தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து முற்றத்தில் நிற்பார், அப்புறம் நடப்பதையெல்லாம் சம்பூரணத்தின் கோபம் பார்த்துக்கொள்ளும். பாகப்பிரிவினையில் கிணறு போகாமல் இருந்தது அந்தக் கோபத்தால். ஒரே மகள் கவின்மலர் ஈரோட்டில் மருந்தியல் படித்துக்கொண்டிருந்ததும் அந்தக் கோபத்தால்.

அத்தப்பன் முன்பு ஒருமுறை தன் மகன் பூபதிக்குக் கவின்மலரைக் கேட்டு வந்திருந்தார், அத்தை மகன், முறை இருக்கிறது என்று. பூபதியின் முதல் மனைவி கல்யாணமான எட்டாம் மாதம் கிணற்றில் மிதந்தாள். கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று எழுதிக் கொடுத்தார்கள். வழுக்கி விழுந்தவளின் முதுகில் பெல்ட் தடம் எப்படி வந்தது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நாச்சிமுத்து வழக்கம்போலத் தலையாட்ட ஆரம்பித்திருந்தபோது, சம்பூரணம் தண்ணீர் கொண்டுவந்த பித்தளைச் சொம்பையே அத்தப்பனின் நெஞ்சில் எறிந்தாள். "என்ற பொண்ணு பொணமாத்தான் உங்கூட்டு வாசப்படி ஏறும், அதுக்கு முன்ன நான் பொணமாவோணும்," என்றாள். அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவர்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கொட்டகைப் பக்கம் சம்பூரணம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அந்த எழவு உள்ள இருக்கற வரைக்கும் எங்காலு அங்க படாது," என்றாள்.

கப்பல் சாமான்களும் பொருந்தாமல் போய்ப் பதினேழு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, நாச்சிமுத்துவிடம் போர்வெல் ரிக் ஓட்டுகிற பெரியண்ணன், பின்பக்கம் தரைதட்டி உட்கார்ந்துவிட்ட அந்த வண்டியைத் தோள்கொடுத்து நகர்த்திவிட்டு வீட்டுக்குப் போனான். மறுநாள் காலை வண்டி கிடா போல நிமிர்ந்து நின்றது, பெரியண்ணனால் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. தாவூது பாய் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, "பின்னால ரெண்டு பக்கமும் பெரியண்ணனோட முழங்காலுங்க. நல்லாப் பொருந்தீருக்குது," என்றார். கப்பலில் வந்தது பொருந்தவில்லை, உள்ளூர்ச் சாமானாவது பொருந்தியதே என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி.

அந்த வாரமே கல்யாணி டீச்சர் கண்ணாடி மட்டும் இருந்த முன்விளக்கைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார், விளக்கு பட்டப்பகலில் எரிந்தது, டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார். பால் சொசைட்டிச் செயலாளர் வையாபுரி கதவைத் திறந்து ஸ்டியரிங்கை ஒரு தடவை திருப்பினார்; கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்த ஸ்டியரிங் அன்றிலிருந்து விரல் பட்டால் திரும்பியது; வையாபுரிக்கோ திசை போய்விட்டது, சொசைட்டியிலிருந்து மூன்றாவது வீடான தன் வீட்டைத் தேடிப் பக்கத்து ஊர் வரைக்கும் நடந்தார், பிறகு இடுப்பில் கயிறு கட்டி அவர் மனைவி கூட்டிப்போக வேண்டியதாயிற்று.

ஊர் கொதித்தது. எட்டு நாள் கொதித்தது. ஒன்பதாம் நாள் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள், வண்டியைக் கொளுத்த வேண்டும் என்று ஒருவன் சொல்ல, அப்போ என்ற முழங்காலும் சேர்ந்து எரியுமே என்று கட்டிலோடு தூக்கிவந்திருந்த பெரியண்ணன் படுத்தபடியே அலற, எல்லாரும் யோசனையில் விழுந்தார்கள். அப்போதுதான் கோயில் கமிட்டித் தலைவர் சடையப்பன் தொண்டையைச் செருமினார். "கோயலுக்கு ஒரு ட்யூப்லைட்டு குடுத்தாலே பேரு எழுதறோம். முழங்காலக் குடுத்தவனுக்கு எழுத வேண்டாமா?" என்றார். மண்டபத்தின் ட்யூப்லைட்டுகளை எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் உபயம் என்று போட்டு, கொடுத்தவர் பேர், அப்பன் பேர், தொழில் எல்லாம் சிவப்பு பெயிண்டில் எழுதி, எழுத்து போக மிச்சமிருந்த சந்து வழியாக வெளிச்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தது. அது நியாயமாகத்தான் பட்டது.

மறுநாளே பெயிண்டர் வந்தார். பின்சக்கரத்துக்கு மேலே, உபயம்: பெரியண்ணன், ரிக் ஆபரேட்டர். முன்விளக்கின் கண்ணாடி மேலேயே, உபயம்: கல்யாணி, எம்.ஏ., பி.எட். ஸ்டியரிங் நடுவில் வையாபுரி, சொசைட்டி பேரோடு. பெரியண்ணனின் மனைவி அவனைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்து காட்டினாள், அவன் தன் பேரைத் தடவித் தடவிப் பார்த்தான், அழுதான், அப்புறம் எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கலாம் என்றான். இது வெளியே தெரிந்ததும் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா. அவன் பேர் மட்டும் இருக்கிறது, எங்கள் பேர் இல்லையே என்று கொட்டகை முன்னால் வரிசை நின்றது. ஓர் ஆள் தன் வியர்வையை ரேடியேட்டருக்குக் கொடுத்துவிட்டு, சித்திரை வெயிலில் தோல் வெடிக்க, மணிக்கொரு தரம் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு திரிந்தான். ஒரு பெண்ணின் பசியைப் பெட்ரோல் டேங்க் எடுத்துக்கொண்டது, அவள் நாளுக்கு நாள் சருகாக, வீட்டில் அரிசி மிச்சமாவதைப் புருஷன் டீக்கடையில் பெருமையாகச் சொன்னான். எதையாவது கொடுத்துவிட வேண்டும் என்று வந்து, வண்டி எதையும் எடுக்காமல் திருப்பி அனுப்பியவர்கள்தான் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள்.

நாச்சிமுத்துவும் அப்படிக் குனிந்துகொண்டுதான் இருந்தார். ஏலத்தில் எடுத்தவர் அவர், காலையிலும் மாலையிலும் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றவர் அவர், ஆனால் அவரிடமிருந்து வண்டி ஒரு மயிரைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் அத்தப்பன் பார்க்க வந்தார், கையை வேட்டிக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு பேராக உரக்கப் படித்தார். "ஊர்ல இருக்கறவன் பேரெல்லாம் இருக்குது. உங்க பேரு எங்கீங்க மாப்ள?" என்றார். சாவியைத் திருப்பச் சொன்னார். எஞ்சின் மாவு ஆட்டுகிற கிரைண்டர் போலக் கடகடவென்று சுற்றிவிட்டு நின்றது. அத்தப்பன் சிரித்த சிரிப்பில் ஏலத்தன்று பாக்கி வைத்திருந்ததும் சேர்ந்திருந்தது.

அவர் போன பிறகு தாவூது பாய் எஞ்சின் மேல் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். "எல்லாம் இருக்குதுங்க. கோவந்தான் இல்ல. இந்த மாதர வண்டிக்குக் கோவமில்லாம எட்டு சிலிண்டரும் வெடிக்காது," என்றார்.

நாச்சிமுத்துவுக்கு யோசிக்க வேண்டியே இருக்கவில்லை. கோபம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். இருபத்துநாலு வருஷம் அதன் நிழலில் படுத்துத் தூங்கியவர். அந்தக் கோபம் எதைக் காத்துக்கொண்டு நிற்கிறது என்பதும் தெரியும். தெரிந்தேதான் அவர் நேராக வீட்டுக்கு நடந்தார், அடுப்பெரிக்கப் பருத்திமாரை உலர்த்திக்கொண்டிருந்த சம்பூரணத்தின் முன்னால் போய் நின்று, தலையைச் சொறிந்துகொண்டு, "மச்சான் கொட்டாயில உக்காந்துட்டிருக்காருங்கறன். பூபதிக்கும் நம்ம கண்ணுக்கும் நாளு குறிச்சே கொண்டாந்துட்டாரு. நான் என்ன சொல்றது?" என்றார்.

அவள் கையிலிருந்த குச்சிகளை வீசிவிட்டு ஓடினாள். அவள் ஓடியதைப் பார்த்துக் கோழிகள் கூரையேறின, தெருவில் கதவுகள் சாத்திக்கொண்டன. கொட்டகைக்குள் பாய்ந்தவள் அத்தப்பனைத் தேடினாள், காணவில்லை, குறுக்கே கிடந்தது வண்டிதான். "யாரு பொண்ண யாருடா கேக்கறது!" என்று கத்திக்கொண்டு உள்ளங்கையை விரித்துப் பானட்டின் மேல் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

சாவி தாவூது பாயின் சட்டைப்பையில் இருந்தது. ஆனாலும் எஞ்சின் எடுத்தது. கூரைத் தகரம் அதிர, குடங்களில் தண்ணீர் சுழல, மூன்று மைல் தள்ளிக் கரும்புக்காட்டில் நின்றவர்கள் வானத்தைப் பார்க்க, எட்டு சிலிண்டரும் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்து ஒரே முழக்கமாகக் கூடியது. கருங்கல்மேட்டில் பிறந்த யாரும் அப்படியொரு சத்தத்தை அதுவரை கேட்டதில்லை. கேட்டதும் என்னவோ தெரிந்த குரல்போல இருக்கிறதே என்று எல்லாருக்கும் பட்டது. சம்பூரணம் கையை எடுத்தாள். இருபத்துநாலு வருஷமாகப் புருவங்களுக்கு நடுவே இருந்த கோடு மறைந்து முகம் பச்சைப்பிள்ளை முகம் மாதிரி ஆகியிருந்தது. "அட, நல்ல வண்டியாட்ட இருக்குதுங்களே," என்றாள் புருஷனைப் பார்த்து. "வாங்க, சாப்டலாம்." தாவூது பாய் சாவியை எடுத்து ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு, ஸ்பேனர் பையைச் சுருட்டிக்கொண்டு போனவர் அந்தக் கொட்டகைக்குத் திரும்பி வரவே இல்லை.

சாயங்காலம் பெயிண்டர் வந்தார். பானட்டின் இரண்டு கறுப்புப் பட்டைக்கு நடுவில், மற்ற எல்லாருடைய பேரையும் விடப் பெரிய எழுத்தில், உபயம்: நாச்சிமுத்து, கருங்கல்மேடு என்று எழுதினார். அப்படி எழுதச் சொன்னது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முழக்கம் அத்தப்பன் காதுக்கும் போயிருந்தது. வெள்ளிக்கிழமை அவர் மனைவியையும் பூபதியையும் கூட்டிக்கொண்டு வந்து, நெஞ்சுக்கு நேராகத் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு, சொம்பு வந்தால் ஒதுங்க வசதியாக வாசலோரமாகவே உட்கார்ந்தார். சம்பூரணம் சொம்போடு வந்தாள், குனிந்து தண்ணீர் கொடுத்தாள், அப்புறம் முறுக்கும் காப்பியும் கொண்டுவந்தாள். அத்தப்பன் மெதுவாகப் பேச்சை எடுத்தார். "உங்க இஷ்டமுங்ணா. நீங்க பாத்துச் செஞ்சாச் செரி," என்றாள் அவள், மலர்ந்த முகத்தோடு. பூபதி கவின்மலர் நின்றிருந்த கதவைப் பார்த்துக்கொண்டு முறுக்கைக் கடித்தான்.

"பொண்ணுக்குச் சீருன்னு பெருசா ஒண்ணும் வேண்டாம் மாப்ள. அந்த வண்டியக் குடுத்தனுப்புனீங்கன்னாப் போதும்," என்றார் அத்தப்பன்.

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக முடியாது என்று சொல்ல வேண்டும் என்று அவருக்கு அடிவயிற்றிலிருந்து வந்தது, வண்டிக்காகவா மகளுக்காகவா என்பது அவருக்கே தெரியாது, ஆனால் வந்தது. அவர் பழக்கத்தில் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவரிடம் இல்லாத அந்த ஒரு வார்த்தை அத்தனை வருஷமும் அவள் வாயில்தான் இருந்தது. சம்பூரணம் அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் தலையாட்டினார்.

கவின்மலர் அன்று மாலை அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, ஒரே ஒரு வார்த்த வேண்டாம்னு சொல்லுங்கம்மா. நீங்க சொன்னா அவுங்க பயப்படுவாங்கம்மா," என்று கெஞ்சினாள். சம்பூரணம் மகளின் கூந்தலைப் பிரித்து எண்ணெய் வைத்து, வலிக்காமல் வாரிவிட்டாள். "எதுக்குக் கண்ணு சண்ட? நெம்ப நாளா ஆசப்படறாங்க," என்றாள். இதற்கு முன்னால் அவள் தலைவாரிவிடும்போது ஒருநாளும் வலிக்காமல் இருந்ததில்லை. கவின்மலர் எழுந்து கொட்டகைக்கு ஓடினாள், இரண்டு கையாலும் பானட்டை அறைந்து, எங்கம்மாவக் குடு, எங்கம்மாவக் குடு என்று கதறினாள். எஞ்சின் பதிலுக்குப் பதில் முழங்கியது, தன்னால் ஆன மட்டும் முழங்கியது, ஆனால் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. அவளையாவது எடுத்துக்கொள்ளட்டும் என்று பானட்டின் மேல் படுத்துப் பார்த்தாள். வண்டிக்கு இனி எதுவும் தேவைப்படவில்லை. ஏலச் சீட்டின் பின்பக்கத்தை அப்போதுதான் நாச்சிமுத்து முதல்தடவையாக எடுத்துப் படித்தார், கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டு தடவை.

கல்யாணம் நல்ல கூட்டம். மணமகளை ஏற்றிக்கொண்டு வண்டி புறப்படுவதைப் பார்க்க ஊரே ரோட்டின் இரண்டு பக்கமும் நின்றது. பெரியண்ணன் தள்ளுவண்டியிலிருந்து எக்கித் தன் முழங்கால்கள் போவதைப் பார்த்தான், கல்யாணி டீச்சர் தன் கண்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார், வையாபுரியின் கயிற்றை அவர் மனைவி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். யாருக்கும் வருத்தமில்லை, தங்கள் பேர் நூல் மில் வாசல் வரைக்கும் போகிறது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டார்கள். மில் வாசலுக்குப் பெயிண்டரை ஏற்கெனவே வரச்சொல்லியிருந்த அத்தப்பன் அதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டார்.

பூபதி ஸ்டியரிங்கைப் பிடித்தான். ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதற்கு முன்னாலேயே வண்டி முழங்கியது, சக்கரம் நகராமல் நின்ற இடத்திலேயே நின்று, பந்தல் கால்கள் ஆட, மேளக்காரர்களின் வாசிப்பு அமுங்க, அப்படியொரு முழக்கம். பின்சீட்டில் கவின்மலர் காதைப் பொத்தவில்லை. தலையை முன்சீட்டில் சாய்த்துக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பூபதி பல்லைக் கடித்து இன்னும் அழுத்தி மிதித்தான். கோபம் சம்பூரணத்தினுடையது, ஆனால் முழங்கால் பெரியண்ணனுடையது, திசை வையாபுரியினுடையது, மிதிக்கிற கால் பூபதியினுடையது. வண்டி கிளம்பியது. கைதட்டினார்கள்.

சம்பூரணம் ஆரத்தித் தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கையசைத்தாள். பக்கத்தில் நாச்சிமுத்து நின்றார். ஏரி வளைவு தாண்டிப் புழுதி அடங்கிய பிறகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அந்த வண்டிக்கு யாரு மேலயோ நெம்பக் கோவமாட்ட இருக்குதுங்க," என்றாள் அவள், சிரித்த முகம் மாறாமல். "பாவம், அது சொல்றத ஆருமே கேக்கலியாட்ட."